கத்தலுக்கு அடியில் ஒரு பெயர்

மடியில இருக்கிறது நாயன உறைதானே தம்பி? நினைச்சேன். முன்னால ரெண்டு சீட்டு காலியா இருந்தது, ஒண்ணு ஜன்னலோரம். அதை விட்டுட்டு உங்க பக்கத்துல வந்து உட்கார்ந்ததே இந்த உறையைப் பார்த்துத்தான். நாயனம் வாசிக்கிறவருக்குச் சுருதி பிடிக்கிற காது இருக்கும். எனக்கு இன்னைக்கு ஒரு நல்ல காது வேணும். இப்பவே வேண்டாம், அவசரமில்லை. நாகப்பட்டினம் வரைக்கும்தானே? கல்யாணமா? நல்லது. எனக்கும் நாகப்பட்டினம்தான். கோர்ட்டு. பத்தரைக்குள்ள போனாப் போதும்.

பயப்படாதீங்க. என் பேர் குஞ்சிதபாதம். வேதாரண்யத்துல ஒரு உப்புக் கம்பெனி ஆய்வகத்துல முப்பத்தொரு வருஷம். உப்புல எவ்வளவு ஈரம், எவ்வளவு மண் என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடற வேலை. ஒரு நாள்கூடப் பார்க்காம எழுதினதில்லை. முதலாளியே வந்து, "ஒரு புள்ளி குறைச்சுப் போடுய்யா, லாரி நிக்குது"ன்னு கெஞ்சியிருக்கார். போட்டதில்லை. இதை மனசுல வெச்சுக்குங்க. மிச்சக் கதைக்கு இது வேணும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குடி இல்லை, சீட்டு இல்லை. தூரத்து எஃப்.எம். ஸ்டேஷனைப் பிடிக்கிறது. சிரிக்காதீங்க. எஃப்.எம். அம்பது கிலோமீட்டர், மிஞ்சினா நூறு போகும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. காரைக்கால் எல்லார் வீட்டுலயும் பாடும். யாழ்ப்பாணம் எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி, கடலைத் தாண்டினா அதானே. ஆனா மாசி, பங்குனியில சில காலையில கடல் தட்டுல ஊத்தின எண்ணெய் மாதிரி அசையாம கிடக்கும். காத்து இருக்காது. மேல சூடான காத்து, கீழ குளிர்ந்த காத்து, நடுவுல ஒரு குழாய் மாதிரி வழி உண்டாகும். அந்தக் குழாய்க்குள்ள மாட்டின ஸ்டேஷன் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வரும். ஒரு மணி நேரம் இருக்கும். வெயில் ஏறினதும் அறுந்துடும். அடுத்த நாள் வரும்னு சொல்ல முடியாது. அடுத்த வருஷம் வரும்னுகூடச் சொல்ல முடியாது.

அதுக்காக மொட்டை மாடியில முப்பதடிக் குழாய் நட்டு, அதுல ஆண்டெனா கட்டியிருந்தேன். அலுமினியக் குச்சி எட்டு. அடிக்குழாயில ஒரு இரும்புக் கம்பியைச் சொருகி, மாவாட்டற மாதிரி சுத்தினா ஆண்டெனா திரும்பும். அந்தக் கம்பி மூணடி. அதையும் மனசுல வெச்சுக்குங்க.

எங்க ஆளுங்க நாடு முழுக்க ஒரு முப்பது நாற்பது பேர் இருப்போம். போன்ல பேசிக்குவோம். எங்களுக்குள்ள ஒரே ஒரு சட்டம். ஸ்டேஷன் தன் பேரைத் தன் வாயால சொல்லணும், நாம நம்ம காதால கேட்கணும். அப்பத்தான் நோட்டுல எழுதலாம். பாட்டு கேட்டேன், பாஷை தெரிஞ்சது, திசை தெரிஞ்சது, அதெல்லாம் செல்லாது. மணி அடிக்கிற நேரத்துலதான் பெரும்பாலும் பேர் சொல்லுவாங்க. ஆறு மணி, ஏழு மணி. பத்து செகண்டு. அந்தப் பத்து செகண்டைக் கேட்டாத்தான் அது உன் ஸ்டேஷன். கேட்கலைன்னா நீ கேட்டதே கிடையாது.

என் நோட்டுல இருநூற்றுப் பதினாலு ஸ்டேஷன். ஒண்ணுகூட ஊகம் இல்லை.

இப்ப சத்தத்தைப் பத்திச் சொல்லணும். தூரத்து ஸ்டேஷன் நூல் மாதிரி வரும் தம்பி. பக்கத்துல ஒரு மட்டமான பல்பு எரிஞ்சா அறுந்துடும். ஊர்ல யாருக்குப் புரியுது? முதல்ல காக்கா. ஆண்டெனாவுல உட்கார்ந்து குச்சியை ஆட்டும். உண்டிவில்லால ஒண்ணை அடிச்சு, அதையே கால்ல கயிறு கட்டி ஆண்டெனா நுனியில தொங்க விட்டேன். மத்தது வரலை. நாத்தம்னு எதிர்வீட்டு டீச்சர் சொன்னாங்க. அவங்க வீட்டு வாசல் பல்புதான் ரேடியோ டயல்ல தொண்ணூற்று நாலுல இருந்து தொண்ணூற்றாறு வரைக்கும் உர்ருன்னு இரைஞ்சிட்டிருந்தது. மாத்துங்கன்னு மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை கம்பால உடைச்சேன். கேட்க வந்த அவங்க தம்பிக்கு முன்பல் ரெண்டு போச்சு. புது பல்பு நான்தான் வாங்கி மாட்டினேன், நல்ல கம்பெனி பல்பு, இரைச்சலே இல்லாதது. அதை யாரும் சொல்ல மாட்டாங்க. பல்லை மட்டும் சொல்லுவாங்க.

அப்புறம் வீட்டுல. ஆறே முக்காலுக்கு மிக்ஸி போடாதேன்னு சொல்லியிருந்தேன். மாசி பங்குனி ரெண்டு மாசம்தானே? அம்மியில அரைக்கலாம், இல்லை சட்னியே வேண்டாம். அன்னைக்கு ஆந்திரா பக்கத்துல இருந்து ஒண்ணு, முப்பது செகண்டுல பேர் சொல்லப் போறான். உள்ளே கிர்ருன்னு கேட்குது. போய் மிக்ஸியை அடிச்சேன். மிக்ஸியைத்தான் அடிச்சேன். அவ ஜாரைப் பிடிச்சிட்டிருந்தா. மணிக்கட்டு போயிடுச்சு. மாவுக்கட்டு போட்டுக் கூட்டிட்டு வந்ததும் நான்தான். மறுநாள் அண்ணன் வீட்டுக்கு, திருத்துறைப்பூண்டிக்குக் கிளம்பிட்டா. வாசல்ல நின்னு ஒரு கேள்வி கேட்டா தம்பி. "ஊர்ப்பட்ட ஸ்டேஷன் பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே, இருபத்தாறு வருஷத்துல என் பேரை ஒரு தடவை கூப்பிட்டிருக்கீங்களா? இப்பவாவது சொல்லுங்க, உள்ளே வந்துடறேன்."

ஏய், வாடி, இந்தாடி, இப்படித்தானே கூப்பிடறோம். எல்லார் வீட்டுலயும் அப்படித்தானே? நான் சொல்லலை. ஆட்டோக்காரன் நிக்கறான், தெருவே பார்க்குது. தையல்நாயகின்னு நடுத்தெருவுல கத்த முடியுமா?

வேட்டைக்காரனிருப்பு வந்துடுச்சு பாருங்க. சுருக்கமாச் சொல்றேன்.

தொண்ணூற்றொண்ணு புள்ளி ஒண்ணுல ஒரு ஸ்டேஷன். முதல்ல கேட்டது அஞ்சு வருஷத்துக்கு முன்னால, மாசி கடைசியில. ஆண்டெனா நேர் கிழக்கே, கொஞ்சம் தெற்கு. அந்தத் திசையில கடல்தான், அப்புறம் அந்தமான், அதுக்கும் அப்புறம் பர்மா, தாய்லாந்து. ஒரு பொண்ணு பேசுறா. எனக்குத் தெரியாத பாஷை, மூக்கால இழுக்கிற மாதிரி. ஆறு அம்பதுக்கு வந்தது, ஆறு அம்பத்தெட்டுக்கு அறுந்துடுச்சு. அடுத்த வருஷம் ஒரு காலை, அதே பொண்ணு, ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால அறுந்துடுச்சு. மூணாவது வருஷம் வரவே இல்லை. நம்ம பக்கத்துல யாரும் அந்தத் திசையில அவ்வளவு தூரம் பிடிச்சதில்லை. கொல்லத்துல எங்க ஆள் ஒருத்தர், பாஸ்கரன் பிள்ளைன்னு, போன்ல சொன்னார். "பேரு கேட்டிட்டு வாங்க குஞ்சிதபாதம். பேரில்லாம எங்கிட்ட பேச வேண்டாம்." அவர் சொன்னதுல தப்பே இல்லை. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் வீட்டுக்கு அடுத்தது வெல்டிங் பட்டறை. மாசிலாமணி. முப்பத்தஞ்சு வயசிருக்கும், நல்ல பையன், கேட்டு, கிரில், லாஞ்சுக்கு வேண்டிய இரும்பு வேலை. வெல்டிங் மாதிரி சத்தம் ரேடியோவுக்கு வேற கிடையாது தம்பி. தீக்குச்சி கிழிச்ச மாதிரி டயல் முழுக்க எரிஞ்சுடும். பேசி வெச்சிருந்தேன். மாசி பங்குனியில காலையில ஏழரைக்கு முன்னால கருவியை எடுக்கக் கூடாது. "சரிண்ணே, உங்களுக்காக ஒரு ரெண்டு மாசம், ஏழரைக்குத்தான் கடை"ன்னான். ரெண்டு வருஷம் வாக்குக் காப்பாத்தினான். அதையும் நான் மறைக்கலை. போலீஸ்லயே சொன்னேன்.

நாலாவது வருஷம், பங்குனி எட்டாம் தேதி. முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, நாளைக்குக் காலையில வெல்டிங்குல ஒரே ஒரு பிட்டு அடிச்சுக்கிறேன். லாஞ்சு ஒண்ணு சுக்கான் விட்டுப் போய் நிக்குது, ஏழு மணிக்குக் கடலுக்குப் போகணும்"னு கேட்டானாம். நான் தலையாட்டினேனாம். இதைக் கோர்ட்டுல அவன் சொல்றான். எனக்கு ஞாபகமே இல்லை. வந்தான், நின்னான், வாய் அசைஞ்சது. என் காதுல ஹெட்போன். தலையாட்டியிருப்பேன், நான் எதுக்கும் தலையாட்டுவேன். காதுல ஹெட்போன் இருக்கிறவன்கிட்ட ஒரு விஷயத்தைக் கேட்கலாமா? நியாயமா சொல்லுங்க.

மறுநாள் காலையில கடல் அசையலை. ஆறு நாற்பதுக்கு யாழ்ப்பாணம் எல்லாம் இடி மாதிரி கேட்குது. ஆறு நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றொண்ணு புள்ளி ஒண்ணுல அந்தப் பொண்ணு. ரெண்டு வருஷம் கழிச்சு. பக்கத்து அறையில உட்கார்ந்து பேசற மாதிரி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ரிசீவர்ல இருந்து ரெக்கார்டருக்குப் போற ஒயரை எலி கடிச்சு வெச்சிருந்தது. அந்த எலியை அதுக்கு முந்தின வாரமே பிடிச்சு வாளித் தண்ணியில அமுக்கியாச்சு, ஆனா ஒயர் வாங்கலை. சரின்னு ஸ்பீக்கரைச் சத்தமா வெச்சு, ரெக்கார்டரை அதுக்கு முன்னால ஜன்னல் கட்டையில வெச்சேன். ஜன்னல் பட்டறைப் பக்கம். அது பின்னால எவ்வளவு பெரிய தப்பாப் போச்சு பாருங்க.

ஆறு அம்பத்தாறு. வெல்டிங்.

ஜன்னல் வழியா, "டேய் மாசிலாமணி, நிறுத்துடா!"ன்னு கத்தினேன். கம்பியை உருவிக்கிட்டு மாடியில இருந்து இறங்கினேன். படி இறங்கும்போதே சத்தம் நின்னுடுச்சு.

ஆமாம். நின்னுடுச்சு. உங்க முகம் மாறுது. பப்ளிக் பிராசிக்யூட்டர் முகமும் இப்படித்தான் மாறினது. நின்னா? திரும்ப ஆரம்பிக்க மாட்டான்னு யார் சொன்னது? ஏழு மணிக்கு இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. ஏழு மணிக்கு அவன் கை கருவியில இல்லைன்னு எனக்கு நிச்சயம் வேணும். ஆய்வகத்துல நான் அப்படித்தான். ஒரு தடவை பார்த்தா போதாது.

பட்டறைக்குள்ள போனேன். குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்துல போட்டிருந்த கவசத்தைக் கழற்றிட்டு எழுந்தான். அங்கேதான் தப்பு பண்ணினான். கவசத்தோடயே பேசியிருந்தா கண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. பெரியவங்க முன்னால முகத்தை மூடிக்கிட்டுப் பேசக் கூடாதுன்னு நினைச்சானாம், சாட்சிக் கூண்டுல சொன்னான். முதல் அடி கையில. கருவி பிடிக்கிற கை. மூணு விரல் அங்கேயே தொங்கிடுச்சு. ரெண்டாவது முகத்துல. இடது கண். அப்புறம் எத்தனைன்னு எனக்குத் தெரியாது. டாக்டர் பதினொண்ணுன்னு எழுதியிருக்கார். எண்ணி எழுதினவர், நான் மறுக்க மாட்டேன். தாடை, தோள்பட்டை, ரெண்டு விலா. கிரில் பட்டறை முழுக்க ரத்தம். அவன் சுருண்டு, வெல்டிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவுல பூந்துக்கிட்டான். அதுக்கப்புறம் அடிக்கலை. இடம் இல்லை.

திரும்பி மாடி ஏறினா ஏழு ஒண்ணு. பொண்ணு போயாச்சு. பாட்டு போடுறாங்க. பேர் சொல்லி முடிச்சாச்சு.

நான் கீழே இருந்திருக்கேன் தம்பி. அந்தப் பத்து செகண்டு நான் கீழே, பட்டறையில இருந்திருக்கேன். மூணு வருஷமாக் காத்திருந்தது! அழுதேன். உண்மையாவே அழுதேன்.

அழுதுக்கிட்டே நோட்டு எழுதினேன். எப்பவும் எழுதற மாதிரி. 'ஆறு நாற்பத்தெட்டு, தொண்ணூற்றொண்ணு புள்ளி ஒண்ணு, முழு சிக்னல். ஆறு அம்பத்தாறு, பட்டறை வெல்டிங், இரைச்சல். ஆறு அம்பத்தேழு, இரைச்சல் நின்றது. ஆறு அம்பத்தெட்டு, இறங்கிப் போய் அடித்தேன். ஏழு ஒண்ணு, திரும்பினேன். பெயர் கேட்கவில்லை.' பக்கத்து ஓரத்துல ஒரு கறை. என் கட்டைவிரல். போலீஸ் அதைச் சுத்தி சிவப்பு மையில வட்டம் போட்டிருக்காங்க. நோட்டைப் பாழாக்கிட்டாங்க.

எங்க வக்கீல் சௌரிராஜன் அந்த நோட்டைப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். "ஏன்யா, உலகத்துல எவனாவது அடிச்சதை நேரம் போட்டு எழுதி வெப்பானா?" அவர் கட்டின கதை வேற. கைகலப்பு, கம்பிக்கட்டு சரிஞ்சு விழுந்தது, கண்ணுல பட்டது. மாசிலாமணியைத் தவிரப் பார்த்த சாட்சி இல்லை. இந்த நோட்டு மட்டும்தான் இடிக்குது. இன்னைக்கு ஜட்ஜ் ஐயா என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கார். "நோட்டு என்னுதில்லைன்னு சொல்லுங்க. என் கையெழுத்து இல்லைன்னு சொல்லுங்க. அவங்க கையெழுத்து நிபுணரைக் கூப்பிடலை. நீங்க வீட்டுக்குப் போயிடலாம். எழுதினது நான்தான்னா ஏழு வருஷத்துக்குக் குறையாது."

எப்படிச் சொல்றது? அந்த ஒரு பக்கம் என்னுதில்லைன்னா மிச்சப் பக்கம்? இருநூற்றுப் பதினாலு ஸ்டேஷன்? பாஸ்கரன் பிள்ளை என்ன நினைப்பார்? குஞ்சிதபாதம் நோட்டுல பொய் இருக்குன்னு முப்பது நாற்பது பேரும் பேசுவாங்களே. எழுதினது நான்தான்னு சொல்லப் போறேன். சௌரிராஜன் மூஞ்சியைப் பார்க்காமச் சொல்லிடுவேன்.

இன்னொண்ணும் இருக்கு. அது அவருக்கும் முழுசாத் தெரியாது. அதுக்குத்தான் உங்க காது.

நான் கீழே போனேன், சரி. ஜன்னல்ல இருந்த ரெக்கார்டர் எங்கேயும் போகலையே! அது ஓடிக்கிட்டே இருந்தது. ஏழு மணி, பீப் பீப்னு ஆறு தடவை மணிச் சத்தம், அப்புறம் அந்தப் பொண்ணு பேர் சொல்றது, எல்லாம் அதுல இருக்கு. ஆனா மேல அவன் கத்தல். ஒயர் போட்டிருந்தா ஸ்டேஷன் மட்டும் விழுந்திருக்கும். ஜன்னல்ல வெச்சதுனால பட்டறைச் சத்தமெல்லாம் விழுந்துடுச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள அதுல இருந்த சின்ன கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். மறைக்கணும்னு இல்லை. ஸ்டேஷன் அதுக்குள்ள இருக்கே. அவங்க கேட்கலை, நான் சொல்லலை.

ரெண்டு வருஷமாக் கேட்கிறேன். நோட்டுக் கணக்குப்படி நானூற்றுப் பன்னிரண்டு தடவை. முதல் எழுத்து 'சா'வா 'தா'வான்னுகூடச் சொல்ல முடியலை. என் காது அறுபத்திரண்டு வயசுக் காது. வக்கீல்கிட்ட ஒரு தடவை கேட்டேன், இந்த மாதிரி பதிவு ஒண்ணு இருந்தா என்ன செய்வாங்கன்னு. "சென்னையில ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாப் பிரிச்சு எடுப்பாங்க"ன்னார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்து, "இருந்தா இன்னைக்கே அடுப்புல போடுங்க"ன்னார். தனித்தனியாப் பிரிப்பாங்களாம் தம்பி! அப்ப கத்தலை ஒரு பக்கம் தள்ளிட்டு அந்தப் பொண்ணு குரலை மட்டும் எடுத்துக் கொடுத்துடுவாங்கதானே? அரசாங்கமே எழுதிக் கொடுக்கும், இந்த ஸ்டேஷன் பேர் இதுன்னு. அதைவிடப் பெரிய அத்தாட்சி எங்க ஆளுங்கள்ல எவன்கிட்ட இருக்கு?

இருந்தாலும் ஒரு எண்ணம். இந்தக் கார்டு கோர்ட்டுக்குப் போனா ஏழு வருஷம் பத்து வருஷமாயிடும். மாசி பங்குனி பத்து போயிடும். அதனால திருப்பூண்டி தாண்டினதும் ஒரு முடிவு பண்ணினேன். நீங்க கேட்டுப் பேரைச் சொல்லிட்டீங்கன்னா, வேளாங்கண்ணிக்கு முன்னால வர்ற ஆத்துப் பாலத்துல இந்தக் கார்டை வீசிடறேன். பேர் வந்தாச்சுன்னா எனக்கு இது எதுக்கு? சொல்லலைன்னா நேரா ஜட்ஜ் ஐயா கையில.

இந்தாங்க, ஹெட்போன். காதை முழுசா மூடற மாதிரி வைங்க. முதல்ல ஒரு கத்தல் வரும், அது விரல். விடுங்க. அடுத்தது நீளமா வரும், அது கண்ணு. அதையும் விடுங்க. அப்புறம் இரும்பு விழற சத்தம். அதுக்குப் பின்னால மெல்லிசா மணி ஆறு தடவை அடிக்கும். அங்கே இருந்து கவனிங்க. அந்தப் பொண்ணு பேர் சொல்லுவா. அவ குரல் உங்க நாயனத்துல மேல் சட்ஜமத்துக்குக் கொஞ்சம் கீழே நிக்கும். அதை மட்டும் பிடிங்க. மத்ததுக்குக் காதை மூடிக்குங்க.

போடறேன்.

கண்ணை மூடிக்குங்க. அப்பத்தான் கேட்கும்.

ம். இப்ப மணி. இப்பத்தான். இப்பத்தான்.

என்ன? சொல்லுங்க தம்பி. என்ன சொல்றா?

'நிறுத்திட்டேன்ணே.'

ஐயோ, அது இல்லை. அது மாசிலாமணி. 'நிறுத்திட்டேன்ணே, நிறுத்திட்டேன்ணே'ங்கிறான். எனக்குத் தெரியாதா? ஏழு தடவை சொல்றான், எண்ணியிருக்கேன். சரியா அந்தப் பத்து செகண்டுல. ஒரு தடவை சொல்லிட்டு வாயை மூடியிருந்தான்னா பேர் கேட்டிருக்கும். அவனுக்கு அடியில பாருங்க, அவனுக்கு அடியில ஒரு பொண்ணு. இன்னொரு தடவை போடறேன், கழற்றாதீங்க.

கையை ஏன் தட்டி விடறீங்க?

பாலம் போயிடுச்சு பாருங்க. சரி, போகட்டும். கோர்ட்டுலயே கொடுத்துடறேன். அங்கே எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து கேட்பாங்க.

எங்கே எழுந்துட்டீங்க? இது வேளாங்கண்ணி. நாகப்பட்டினத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? தம்பி, உங்க உறை, உறையை விட்டுட்டுப் போறீங்க. இந்தாங்க, பிடிங்க.

வாங்கம்மா, உட்காருங்க, சீட்டு காலிதான். கோயிலுக்கு வந்துட்டுத் திரும்பறீங்களா? நல்லது. உங்களுக்குக் காது நல்லாக் கேட்குமா?